முள்ளுச் சுவரின் மீதி

அந்த அக்கா எதையும் முழுசாக முடிக்க மாட்டார். காபி குடித்தால் டம்ளரின் அடியில் ஒரு வாய் நிற்கும். துணி உலர்த்தினால் வாளியில் ஒரு கைக்குட்டையாவது ஈரத்தோடு கிடக்கும். வாசலில் கோலம் போட்டால் கடைசி இழையைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல், விரல் அளவு இடைவெளி விட்டு எழுந்துவிடுவார். ஆவடியை அடுத்த சேக்காட்டில் அவர் வீட்டின் பின்பக்கப் போர்ஷனுக்கு நாங்கள் குடிபோன புதிதில், பாவம் மறந்துவிட்டார் என்று நினைத்து நான் ஒருநாள் அந்த இழையைச் சேர்த்துவிட்டேன். பால் வாங்கிக்கொண்டு திரும்பியவர் கோலத்தைப் பார்த்தபடி நின்றார். என்னைத் திட்டவில்லை. குனிந்து, நான் போட்ட இழையை மட்டும் கட்டைவிரலால் அழித்துவிட்டு உள்ளே போனார்.

நான் அதிகம் பேசாதவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதன்பிறகு தையல்தான். வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். அக்காவும் என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார். முதல் தடவை அளவெல்லாம் சொல்லிவிட்டுப் படியிறங்கியவர், திரும்பி வந்து சொன்னார்:

"கடைசி கொக்கி வெக்காதமே. நா ஊக்கு குத்திக்கிறேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, மற்றவர்களிடம் சொல்லாததையும் பின்னால் என்னிடம் சொன்னார்.

எங்கள் வீடுகளில் யாருமே அரிசி டிரம்மைத் துடைத்து எடுக்க மாட்டோம். ஒரு பிடி கிடக்கும்போதே புது அரிசியைக் கொட்டிவிடுவோம். தீர்ந்துபோச்சு என்று வாயால் சொல்ல மாட்டோம். விளக்கை அணை என்றும் சொல்வதில்லை. அக்கா செய்வதும் அந்த மாதிரிதான் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நாமெல்லாம் அரிசியோடும் விளக்கோடும் நிறுத்திக்கொள்கிறோம். அக்காவுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

முன்னறையில், தெருப்பக்கச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். தயாரான சாமான் வெளியே போகும் முன் கடைசியாக அதைக் கையில் எடுத்துப் பார்த்து, சரி என்று முத்திரை வைப்பது அவர் வேலை. அரைகுறையாக எதைப் பார்த்தாலும் அவருக்குத் தாங்காது என்று அக்காவே சொல்லியிருக்கிறார். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் குடிபோகும்போதே அவர் படுக்கையில்தான் இருந்தார்.

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. உடம்பில் ஒரு புண் கிடையாது. படுக்கை விரிப்பு தினமும் மாறும். கஞ்சியை ஊதி ஊதி ஊட்டுவார், கிண்ணத்தில் ஒரு கரண்டி விட்டுவிட்டு எழுந்துவிடுவார். அக்காவே அவருக்குச் சவரம் செய்துவிடுவார். முகம் முழுக்க வழித்துவிட்டு வலது காதுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் முடியை விட்டுவிடுவார். பெரியவரின் நல்ல கை மெல்ல எழுந்து அந்த இடத்தைத் தடவும். தடவிக்கொண்டே இருக்கும். அக்கா அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போவார்.

அவருக்கு இரண்டு தடவை பால் ஊற்றினார்கள். இரண்டாவது தடவை நானும் இருந்தேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து நின்று ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாயில் விட்டார்கள். கடைசியில் அக்காவின் முறை. அவர் அரை ஸ்பூன் விட்டார். பிறகு டம்ளரை ஒரு தட்டால் மூடினார்.

"மீதி அப்பால ஊத்திக்கலாம்," என்றார்.

பெரியவரின் மூத்த சகோதரி ஒருவர் இருந்தார், வயதானவர். "இன்னாமே இது, இந்தப் பாலைப் போயி யாராவது மிச்சம் வெப்பாங்களா?" என்று கேட்டார். அக்கா டம்ளரைச் சமையலறைக்குக் கொண்டுபோனார்.

சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது. பெரியவர் கண் திறந்தார். எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்ததால் அவர் கண் எனக்கு நேராகத் தெரிந்தது. பிழைத்தவருடைய கண் மாதிரி இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேரும்போது பஸ் கிளம்பிப் போவதைப் பார்க்கிறவருடைய கண் மாதிரி இருந்தது.

அந்த வீட்டின் முகப்பு முழுக்க முள்ளுச் சுவர். சிமெண்டைத் தளர்வாகக் கரைத்து, விளக்குமாற்றில் தோய்த்துச் சுவரில் உதறுவார்கள். பொட்டுப் பொட்டாகத் தெறித்து, காய்ந்ததும் முள் முள்ளாக நிற்கும். ஒரு காலத்தில் ஆவடிப் பக்கம் வீடு கட்டிய எல்லாருக்கும் அந்த மாதிரி முகப்பு வேண்டும் என்று ஆசை இருந்ததாம். இப்போது யாரும் வைப்பதில்லை. முள்ளுக்கு இடுக்கில் தூசி அடைந்து, சிலந்தி கூடு கட்டி, பச்சைப் பெயிண்ட் திட்டுத் திட்டாக உதிர்ந்து கிடந்தது. கேட்டைத் திறக்கும்போது கொஞ்சம் உரசினால் முழங்கையில் தோல் போகும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு நிழல் நீளும். பயந்துபோன உடம்பில் மயிர் சிலிர்த்து நிற்குமே, அப்படி இருக்கும். அந்த நேரத்தில் நான் பின்பக்க வழியாகவே போய்வருவேன்.

அக்காவின் மகன் பெங்களூரில் இருந்தான். அவனுடைய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சேக்காட்டுக்கே வருவதாகப் பேச்சு. அதற்குள் முகப்பை மாற்றிவிட வேண்டும் என்று லீவு போட்டு வந்து நின்றான். தெருவில் மற்ற வீடெல்லாம் வழவழவென்று இருக்கும்போது நம் வீடு மட்டும் முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னதில் தப்பில்லை. மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சொவுரு இல்ல நைனா, பலாப்பழம்," என்றார்.

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஜன்னலுக்குக் கீழே ஒரு தாம்பாளம் அளவு இடத்தை மட்டும் தொடக்கூடாது.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "எக்கா, மொகம் பூரா பவுடர் பூசிட்டு மூக்க மட்டும் வுடச் சொல்றியே," என்றார். அக்கா சிரிக்கவில்லை. வேலையை முதலில் ஆரம்பிப்போம், அம்மாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகன் நினைத்திருக்க வேண்டும். சரி என்றான்.

சாரம் கட்டினார்கள். உளி வைத்து முள்ளையெல்லாம் கொத்தினார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் அடித்து, மேலே மெல்லிசாகப் புதுப் பூச்சு பூசினார்கள். அது காயும்வரை தினமும் ஹோஸ் பைப்பில் நனைத்தார்கள். பிறகு பட்டி பார்த்து, எமரித் தாள் போட்டுத் தேய்த்தார்கள். தெருவெல்லாம் வெள்ளைத் தூள் பறந்தது. கொத்து விழும்போதெல்லாம் உள்ளே கட்டிலும் அதிர்ந்திருக்கும். நான் கஞ்சிப் பாத்திரம் எடுக்கப் போனபோது பார்த்தேன். பெரியவர் நல்ல கையைச் சுவரில் விரித்துப் பதித்திருந்தார். மாட்டின் வயிற்றில் கை வைத்துக் கன்று அசைகிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஜன்னலுக்கு நேர் கீழே.

கடைசியில் வெளிர் சாம்பல் நிறம் அடித்தார்கள். வீடு புதுசாகிவிட்டது. ஆனால் நடுவில் அந்தத் துண்டு மட்டும் பச்சையாக, முள்ளாக நின்றது. முன்பு சுவர் முழுக்க இருந்தபோது அவ்வளவு தெரியவில்லை. இப்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நல்ல உடம்பில் ஓர் இடத்தில் மட்டும் மிருகத்தின் தோல் ஒட்டியிருப்பது போல இருந்தது.

மகன் கெஞ்சினான், கத்தினான். சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றான். அக்கா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பின்பக்கம் வந்து, என் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நான் தைப்பதை நிறுத்தவில்லை. மெஷின் சத்தத்தில்தான் அவர் பேசினார்.

"இந்தச் சொவுரு அவர் அடிச்சதுமே. லீவு நாள்ல, ஒண்டியா. ஜன்னலுக்குக் கீழ கொஞ்சூண்டு பாக்கி இருந்துது. அத்த மட்டும் வுட்டுடுய்யா, ஊட்ட முழுசா முடிக்கக் கூடாதும்பாங்கன்னு சொன்னேன். கேக்கல. பாதில வுட்டா அவருக்குச் சோறு எறங்காது. அடிச்சு முடிச்சாரு. அந்த வாரமே பெரிய பொண்ணுக்கு ஜொரம்."

அதற்குமேல் சொல்லவில்லை. முன்னறையில் பெரியவரின் கண்ணுக்கு நேரே, இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையின் படம் மாட்டியிருந்தது. மகனுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்கா எழுந்துபோன பிறகு நான் வெகுநேரம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு உயிர் போய்விடக்கூடாது என்று கணவரைப் பிடித்து வைத்திருக்கிறாரா, இல்லை அன்றைக்கு முடித்தாய் அல்லவா, இப்போது முடிக்க விடமாட்டேன் என்று பிடித்து வைத்திருக்கிறாரா? இரண்டும் ஒரே மாதிரிதான் வெளியே தெரியும் போல. இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் முற்பகல் அக்கா ரேஷன் கடைக்குப் போகும்போது, கொஞ்ச நேரம் அவரோடு இரு என்று என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். மகன் பெயிண்ட் கடையில் கணக்கு முடிக்கப் போயிருந்தான். பெரியவர் சுவரை விரல் கணுவால் தட்டிக்கொண்டிருந்தார். மெல்லத்தான். தண்ணீர் வேண்டுமோ என்று எழுந்தேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார். "அத்த முடிக்கச் சொல்லு."

குழறல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பேச்சு போய்விட்டவர் பேசுகிறார் என்ற திகைப்பில் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் கை சுவரை ஒருமுறை தட்டியது. பிறகு காதுக்குக் கீழே போய், வழிக்காமல் விட்ட இடத்தைத் தடவியது.

"போதும்மா," என்றார்.

இரண்டு நாள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். யாரிடமும் போய் எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவள். அடுத்தவர் குடும்பத்தில் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் அவர் எத்தனை காலம் தட்டிக்கொண்டிருப்பார்? கடைசியில் கொடியில் துணி போடும்போது, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அண்ணன் பேசினார், இப்படிச் சொன்னார் என்று.

அக்கா விரிப்பை உதறிக் கொடியில் போட்டார். சுருக்கத்தை நீவினார்.

"தெரியும்," என்றார். "தெனம் காத்தால அதான் சொல்றாரு."

"பேச்சு போச்சுன்னாங்களேக்கா?"

"நாந்தான் அப்டிச் சொல்லி வெச்சேன்."

ஈர விரிப்புக்கு அந்தப்பக்கம் அவர் நின்றிருந்தார். கால் மட்டும் தெரிந்தது. "இத்தினி நாளு எங்காதுல மட்டும்தான் சொல்லிகினு இருந்தாரு. இப்ப உங்கிட்டயும் சொல்லிட்டாரா," என்று கேட்டார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

மறுநாள் காலை நான் முன்பக்கம் போனபோது அக்கா அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். காதுக்குக் கீழே கத்தி போய் வந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, விட்டுப்போன ஒரு முடியையும் எடுத்தார். கஞ்சிக் கிண்ணத்தை வழித்து ஊட்டினார். பெரியவர் ஒவ்வொரு வாய்க்கும் அவரையே பார்த்தார்.

சாரத்தைப் பிரித்துக்கொண்டு போக மேஸ்திரி வந்திருந்தார். அக்கா வெளியே வந்து அவரிடம் பூச்சுக் கரணையைக் கேட்டார். மகன் திண்டாடிப்போய், மேஸ்திரியே பூசட்டும்மா என்றான். அக்கா தலையசைத்து மறுத்துவிட்டார். மேஸ்திரி முள்ளை உளியால் உடைத்து, கொஞ்சம் கலவையும் குழைத்துக் கொடுத்தார். பச்சைத் துணுக்குகள் அக்காவின் காலடியில் விழுந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, கலவையை எடுத்து ஓரத்திலிருந்து பூச ஆரம்பித்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. விரல் கணுவால், நிதானமாக. மேஸ்திரிகூட கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பூசிக்கொண்டு வந்தார். தாம்பாளம் அளவு இருந்தது தட்டு அளவானது. தட்டுகிற சத்தத்துக்கு நடுவே இடைவெளி கூடியது. உள்ளங்கை அளவானபோது, அடுத்தது வருமா என்று நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தது. கடைசியாக ஒரு ரூபாய்க் காசு அளவு இடம் இருந்தபோது அக்காவின் கை அப்படியே நின்றது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு தட்டு, மிக மெல்ல. கரணையை வைத்து இழுத்தார். சுவர் ஒன்றாகிவிட்டது.

பிறகு சத்தம் இல்லை.

அக்கா உள்ளே ஓடவில்லை. குழாயைத் திறந்து கரணையைக் கழுவினார். இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி மேஸ்திரியின் கையில் கொடுத்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்.

"உள்ள போயி பாரு நைனா," என்றார்.

பால் ஊற்ற நேரமிருக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் நாங்கள் கோவில்பதாகைக்குக் குடிமாறிவிட்டோம். போகவேண்டும், போகவேண்டும் என்று நினைத்து, போன மாதம்தான் சேக்காடு போனேன். வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். தெருவில் எல்லா முகப்பும் ஒரே மாதிரி சாம்பலாக, வழவழப்பாக இருக்கிறது. திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போது, பழக்கத்தில் முழங்கையை ஒடுக்கிக்கொண்டேன். அதற்குத் தேவையே இல்லை.

அக்கா நன்றாகத்தான் இருந்தார். முன்பைவிடக் கொஞ்சம் மெலிவு. எனக்குக் காபி கொடுத்துவிட்டு, தானும் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னறையில் கட்டில் இல்லை. குழந்தையின் படமும் இல்லை. வீட்டுக்குள் ஒரு பொருள் பாதியில் கிடக்கவில்லை, ஒரு டப்பா திறந்திருக்கவில்லை. யாரோ காலிசெய்து பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போன வாடகை வீடு மாதிரி இருந்தது. அதற்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

மகன் தன்னோடு கூப்பிடுகிறான், போகவில்லை என்றார். பேத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எல்லாத்தியும் முடிச்சிட்டேன்மே. அவரப் புடிச்சி வெச்சது அந்தச் சொவுரு. என்னிய எது புடிச்சிகினு கீதுன்னு தெரியல. நீ தைக்கிறவ. எங்க நூலு தொங்கினாலும் உன் கண்ணுல படும். கொஞ்சம் சுத்திப் பாத்துச் சொல்லேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுந்து எனக்கு வழிவிட்டு நின்றார். நானும் பார்த்தேன். சமையலறை, அலமாரி, மாடிப்படி, பின்பக்கம் நாங்கள் இருந்த போர்ஷன். அவர் எனக்குப் பின்னாலேயே வந்தார். ஒன்றும் இல்லைக்கா என்றேன். பரிசோதனையில் எந்த நோயும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் சிலருக்கு முகம் வாடுமே, அப்படி வாடியது.

நான் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டினேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேட்டா செய்வியா?" என்றார். "அல்லாரும் வரேன் வரேன்னுட்டுப் போறாங்க. புள்ள சொல்றான், பேத்தி சொல்றா, கரண்ட்டு ரீடிங் எடுக்க வர்றவன்கூட சொல்றான். அல்லாரையும் எதிர்பாத்துகினு நான் இங்கயே கீறேன். நீயாவது போறேன்னு சொல்லிட்டுப் போமே."

எங்கள் ஆட்கள் யாரும் எந்த வீட்டிலும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். சாவு வீட்டிலிருந்து எழும்போதுகூட எதுவும் சொல்லாமல்தான் போவோம். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவர் என்னிடம் இப்படி வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்டருகே போய்த் திரும்பி, அவர் கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்தேன்.

"வரேங்க்கா," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அக்கா கண்ணை மூடித் திறந்தார். அவருடையதும் பழகிய வாய்தானே.

"சரி, வா," என்றார்.